கேமரா கேள்வி பதில்: பத்தடிக் கூடத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் கெனான் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி எங்களை ஆளாக்கியவர். வீட்டுக்குள் அவரைப் படம் எடுத்தால் கலங்கலாக வருகிறது. ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்சுவரில் கறுப்பாக நிழல் விழுகிறது. எங்கள் கூடம் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவையும் இரவில் எடுக்க ஆசை. 600 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நம் ஊர்ப் பிள்ளையிடமிருந்து கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. கூடத்தின் அளவையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனியாக நன்றி. லென்ஸ் கேட்டு வரும் கடிதங்களில் கேமராவின் பெயர் இருக்கும், கையில் உள்ள பணம் இருக்கும், நின்று எடுக்கப்போகும் இடம் மட்டும் இருக்காது. எந்த லென்ஸ் என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது.

வெளிச்சக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஜூம் லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6க்கு மேல் விரியாது. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கினால் ஏறக்குறைய 10 வரும். எஃப் 1.8 லென்ஸ் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது இதன் பொருள். ஒற்றைக் குழல்விளக்கு எரியும் கூடத்தில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400இல் வைத்தும் உங்கள் ஜூம் 1/13 நொடி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 1.8இல் அதே படத்துக்கு 1/125 நொடி போதும். 1/13 நொடிக்குள் பாட்டி வாய்விட்டுச் சிரித்தால் அந்தச் சிரிப்பே கலங்கிவிடும். உங்கள் ஜூமில் ஐ.எஸ். என்று பொறித்திருந்தால் அது உங்கள் கைநடுக்கத்தைத்தான் சரிக்கட்டும். பாட்டி தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே எஃப் 1.8 உங்களுக்குத் தேவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 50 மி.மீ.யா, அதைவிட அகலமாகக் காட்டும் 35 மி.மீ.யா என்பதுதான் கேள்வி.

50 மி.மீ. லென்ஸை உங்கள் கேமராவில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால் படத்துக்குள் விழுவது நாலரை அடி அகலமும் மூன்றடி உயரமும்தான். கேமராவை நெடுக்காகப் பிடித்தால் மூன்றடி அகலம், நாலரை அடி உயரம். உங்கள் கூடத்தில் நீளவாட்டில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் பத்தடிக்கு மேல் விலக முடியாது. அங்கே பாட்டி நின்றால் பாதம் வெட்டுப்படும். நாற்காலியில் அமர்ந்தால் மட்டுமட்டாக அடங்குவார். மூவர் அமரும் சோபா அடங்கவே அடங்காது. 35 மி.மீ. லென்ஸ் அதே இடத்திலிருந்து ஆறடிக்குச் சற்று அதிகமான அகலத்தைக் காட்டும். சோபாவும் வரும், நிற்கும் ஆளும் தலை முதல் கால் வரை வருவார்.

அப்படியானால் 35 வாங்கலாமே என்பீர்கள். கெனான் வரிசையில் அந்த இடம்தான் காலியாகக் கிடக்கிறது. கெனானின் சொந்த 35 மி.மீ. எஃப் 2 ஐ.எஸ். நல்ல லென்ஸ், ஆனால் உங்கள் 600 ரிங்கிட் அதற்குப் போதாது. 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். (எஸ்.டி.எம். என்பது லென்ஸுக்குள் உள்ள ஃபோகஸ் மோட்டாரின் வகை) தட்டையாக, அழகாக, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். உங்கள் ஜூமே 24இல் எஃப் 4 வரை திறக்கும் என்பதால், இதில் கிடைக்கும் வெளிச்சம் இரண்டு மடங்குதான்; பத்து மடங்குக்கு ஏங்கும் கூடத்துக்கு அது காணாது. சீனத் தயாரிப்பான யோங்னுவோ 35 மி.மீ. எஃப் 2 மலிவு. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் ஓடும். அதைத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோக நான் சொல்லமாட்டேன்.

எனவே என் முடிவு: 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். வாங்குங்கள், மகளே. அதை வாங்கிக்கொண்டு நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். வாசற்கதவை முழுதாகத் திறந்து, வாசலுக்கு ஓரடி உள்ளே நாற்காலியைப் போட்டுப் பாட்டியை வெளியே பார்த்தபடி உட்காரவையுங்கள். நீங்கள் முற்றத்தில் இறங்கி நில்லுங்கள். இப்போது பின்னால் போக எவ்வளவு வேண்டுமானாலும் இடம் உண்டு. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக, இதமாக விழும். கூடம் பின்னால் இருட்டாக ஒதுங்கிக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கோ, மழை மூடிய மாலையிலோ இதைச் செய்தால் ஃபிளாஷ் நினைவே வராது. குடும்பம் முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டிய நாளில் பழைய ஜூமை மாட்டிக்கொண்டு எல்லாரையும் முற்றத்துக்கு வரச்சொல்லுங்கள். ஜூமை விற்றுவிடாதீர்கள்.

பணத்தைக் கொடுக்குமுன் ஒரு சோதனை. ஜூம் வளையத்தை 50இல் நிறுத்தி ஒட்டுநாடா சுற்றிவிட்டுச் சில நாள் அப்படியே படம் எடுங்கள். பிறகு 35இல் நிறுத்தி எடுங்கள். படம் கலங்கினால் பரவாயில்லை. உங்கள் கண் எந்த அகலத்தைத் தேடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். 50இல் மூச்சு முட்டுகிறது என்று உணர்ந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அவசரம் வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. 2020இல் வந்த ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதிய கெனான் கேமராக்களுக்கு உரியது. உங்கள் 1500டியில் மாட்டவே மாட்டாது. பெட்டியில் இ.எஃப். என்ற எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள். பழைய பொருளாக வாங்கினால், 1990 முதல் விற்ற இரண்டாம் பதிப்பும் 2015இல் வந்த எஸ்.டி.எம். பதிப்பும் கைக்கு வரலாம். பழையதன் மாட்டும் பகுதி பிளாஸ்டிக், திறப்பைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் ஐந்து, 45 செ.மீ. வரைதான் நெருங்கலாம். புதியதில் அந்தப் பகுதி உலோகம், ஏழு இதழ், 35 செ.மீ. வரை நெருங்கலாம், மோட்டாரும் அமைதி. விலை வித்தியாசம் எவ்வளவானாலும் புதியதை எடுங்கள்.

எஃப் 1.8இல் ஓர் ஆபத்து உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று செ.மீ. கூட இராது. ஒரு கண் கூர்மையாக வந்து மறு கண் மங்கும். முகத்துக்கு நெருங்கும்போது எஃப் 2.8 வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் எஃப் 1.8இலேயே பத்து செ.மீ. கிடைக்கும், அது போதும். உங்கள் கேமராவின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்குவகை, அதாவது கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் சேர்த்து உணர்வது. மங்கலில் நம்பத்தக்கது அது ஒன்றுதான். அதைப் பாட்டியின் கண்ணில் வைத்து எடுங்கள். ஃபோகஸ் செய்தபின் கேமராவை நகர்த்தாதீர்கள். படத்தின் ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சலில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு.

கோவிலுக்கு: ஃபிளாஷ் வேண்டாம். தீப வெளிச்சத்தில் அம்மன் முகம் எப்படித் தெரிகிறதோ அதற்காகத்தான் இந்த லென்ஸே வாங்குகிறோம். லென்ஸின் முன்னால் வடிகட்டிக் கண்ணாடி (ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தீபச் சுடர்கள் தலைகீழாகப் படத்தில் வேறோர் இடத்தில் பேய்போலத் தோன்றும். பந்தலில் குழல்விளக்கோ மலிவான எல்.இ.டி. விளக்கோ இருந்தால் ஷட்டரை 1/100இல் நிறுத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அதைவிட வேகமாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சில வேளை குறுக்கே பட்டை விழுந்தும் வரும். காவடி ஆடும்போது மட்டும் இதை மீறி 1/250க்குப் போங்கள். ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்க வேறு வழியில்லை. தீமிதிக்கு 50 லென்ஸ் சரியான தூரம் தரும், குழிக்கு அருகில் போக வேண்டியதில்லை. கருவறையைப் படம் எடுக்குமுன் ஆலய நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டியின் படத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் கடைவீதியில் என் ஸ்டூடியோவுக்கு, இறந்துபோனவரின் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டு வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது அடையாள அட்டையை. தோட்டத்தில் ஆயுளெல்லாம் உழைத்த மனிதர்களுக்கு அந்தச் சின்னப் படத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அதில் அவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். கண் விறைத்து நிற்கும். அதை இரண்டடிச் சட்டத்துக்குப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகின்றன. உளி பிடித்துக் காய்த்த உள்ளங்கை, மூக்குத்தி, வெற்றிலை மடிக்கும் விரல் எதுவுமே அந்த அட்டையில் கிடையாது. லென்ஸ் வாங்கிய அன்றே பாட்டியின் கைகளையும் எடுங்கள். எடுத்ததைக் கைப்பேசியில் வைத்திருக்காமல் அச்சிடுங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். நிக்கான் டி3500 வைத்திருக்கிறேன். வகுப்பறையிலும் பள்ளி நிகழ்ச்சிகளிலும் பிள்ளைகளைப் படம் எடுக்க ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் தேடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் பழைய நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. வாங்கிவிடட்டுமா?
- ஆசிரியை, பீடோர்

பதில்: வேண்டாம் அம்மா. லென்ஸில் குறையில்லை, உங்கள் கேமராவோடு அது ஒத்துப்போகாது. டி என்ற எழுத்துக் கொண்ட அந்தப் பழைய லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி7000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. உங்கள் டி3500இல் மாட்டினால் வெளிச்ச அளவு காட்டும், படமும் எடுக்கும்; ஃபோகஸை மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் திருக வேண்டும். சரியாக அமைந்ததும் பார்வைத்துளையின் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். அசையாமல் இருக்கும் கோலத்தையோ கொடிக்கம்பத்தையோ அப்படி எடுக்கலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பச்சைப் புள்ளி எரியும்வரை காத்திருப்பார்களா?

நீங்கள் கேட்க வேண்டியது ஏஎஃப்-எஸ் என்று தொடங்கும் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. 2009இல் வந்தது, 200 கிராம், உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கென்றே செய்தது. மோட்டார் உள்ளேயே இருக்கிறது. 30 செ.மீ. வரை நெருங்கலாம் என்பதால் பிள்ளைகளின் கையெழுத்தையும் எடுக்கலாம். முன் கேள்வியில் கெனான்காரருக்குக் கிடைக்காமல் நான் வருந்தியது இந்த மாதிரி லென்ஸ்தான். நிக்கானில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழையதாகவும் நிறைய கிடைக்கும். ஈப்போவில் கேட்டுப் பாருங்கள். வகுப்பறையில் சன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்று, எஃப் 2.8, 1/250 வைத்து எடுங்கள். எஃப் 1.8க்குத் திறந்தால் ஒரு பிள்ளை தெளிவாகவும் பக்கத்துப் பிள்ளை மங்கலாகவும் வரும். மங்கிய பிள்ளையின் அம்மா மனம் வருந்துவார்.

கேள்வி: என் கைப்பேசியிலேயே எஃப் 1.8 என்று போட்டிருக்கிறதே, பிறகு எதற்குத் தனி லென்ஸ்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எஃப் எண் ஒரு விகிதம். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளை 28 மி.மீ. அகலம். கைப்பேசியில் குவியத் தூரமே சில மில்லிமீட்டர்தான். அதே எஃப் 1.8க்குத் துளை மூன்று, நான்கு மி.மீ. அளவில் நின்றுவிடும். சென்சாரும் அந்த அளவுக்குச் சிறியது. கைப்பேசி பல படங்களை அடுக்கிச் சேர்த்து அந்தக் குறையை ஈடுசெய்கிறது. அசையாத பொருளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆட்டம், சிரிப்பு, தீ என்று வந்தால் முகம் மெழுகுபோல வழிந்துவிடும்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பால்வெட்டைப் படத்தொகுப்பாக எடுக்க விரும்புகிறேன். என்னிடம் சோனி ஏ6000 இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் இல்லாத 35 மி.மீ. எஃப் 1.4 சீன லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நம்பலாமா?
- வாசகர், கோலகங்சார்

பதில்: இந்த ஒரு வேலைக்கு நம்பலாம், தம்பி. உங்கள் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுற்றிலும் செம்பனையாக மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் ரப்பர் மரத்தையும் அதை வெட்டும் ஆளையும் எடுக்க ஒருவர் புறப்படுவது நல்ல செய்தி. 1877இல் நட்ட ரப்பர் மரம் நிற்கும் ஊர்க்காரர் நீங்கள். உங்களுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை.

பால் வெட்டுகிறவர்கள் குளிர்ச்சியான நேரத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள். வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம். பால் நன்றாக வடியும். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்குச் சூரியன் ஏழு மணிக்குமேல்தான் எழுகிறது. ஆக, உங்களுக்குக் கிடைக்கப்போவது தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மட்டுமே. அந்த இருட்டில் ஆட்டோஃபோகஸும் திணறும். கையால் திருகும் லென்ஸுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: மரம் நகராது. வெட்டுப்பட்டையில் ஃபோகஸை வைத்துவிட்டு நீங்களும் அசையாமல் நில்லுங்கள். உளி அந்தக் கோட்டின் வழியாகத்தான் இறங்கி வரும்; வந்ததும் அழுத்துங்கள். எஃப் 2, 1/80 நொடியில் தொடங்குங்கள். ஏ6000இன் உடலில் அதிர்வு தடுக்கும் அமைப்பு இல்லாததால் 1/60க்குக் கீழே போகாதீர்கள். விளக்கு விழும் பட்டைக்கு ஏற்றபடி வெளிச்சத்தை அளந்துவிட்டுச் சுற்றியுள்ள காட்டை இருட்டாகவே விடுங்கள்.

இந்த லென்ஸ்களில் மின்தொடர்பு கிடையாது. லென்ஸ் மாட்டவில்லை என்று நினைத்துக் கேமரா படமெடுக்க மறுக்கும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கிவிடுங்கள். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் வசதியையும், திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியையும் பழகிக்கொள்ளுங்கள். குழந்தைகள், திருமணம், கோவில் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் என்றால் இதை விட்டுவிடுங்கள். சோனியின் 35 மி.மீ. எஃப் 1.8 ஓ.எஸ்.எஸ். அதிர்வையும் தடுக்கும், 2016இல் வந்த சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 அதைவிட வெளிச்சம் தரும். பழைய பொருளாகத் தேடினால் இரண்டும் எட்டும் விலையில் வரும். நான் சிக்மாவை எடுப்பேன்.

இன்னொன்று. பால் வெட்டுகிறவருக்குத் தன் நிரையை (மர வரிசையை) முடித்தால்தான் அன்றைய கூலி. முதல் நாளே போய் அனுமதி கேளுங்கள். ஒரே மரத்தை மறுபடி வெட்டிக்காட்டச் சொல்லாதீர்கள்; அவர் அடுத்த மரத்துக்குப் போகும் வழியிலும் நிற்காதீர்கள். படம் ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: எஃப் 1.8க்குப் பதிலாகக் கூடுதல் பணம் போட்டு எஃப் 1.4 வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியுமா?
- வாசகர், ஈப்போ

பதில்: ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான வெளிச்சம் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 3200 இருந்த இடத்தில் 2000 வைக்கலாம், அவ்வளவுதான். மிச்சப் பணத்தில் முக்காலியும் ஒரு நல்ல காற்றுப்புகாப் பெட்டியும் வாங்குங்கள்.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கிய பிறகு எப்படிப் பாதுகாப்பது?
- வாசகி, சிலிம் ரிவர்

பதில்: கைப்பேசி விளக்கை எரியவிட்டு லென்ஸின் பின்பக்கத்தில் பிடியுங்கள்; முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் நூல் பிரிந்ததுபோல் மெல்லிய வெண்கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. இரண்டு மூன்று தூசுகள் இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. பூஞ்சை இருந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வாங்காதீர்கள். அது கண்ணாடியின் பூச்சை அரிக்கும். உங்கள் மற்ற லென்ஸ்களின் பக்கத்தில் அதை வைக்கவும் கூடாது. திறப்பின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, ஃபோகஸ் வளையத்தில் மணல் அரைபடும் உணர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கேமராவையே கொண்டுபோய், முழுதாகத் திறந்த நிலையில் செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரி மங்கி முந்தைய வரியோ பிந்தைய வரியோ தெளிந்தால் லென்ஸ் சரியாக ஃபோகஸ் செய்யவில்லை.

பிற்பகல் மழை நாள் தவறாமல் பெய்யும் நம் ஊர்களில் லென்ஸைத் துணி அலமாரியிலோ தோல் உறையிலோ வைப்பது பூஞ்சைக்கு அழைப்பு விடுப்பதாகும். மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா மணிகளைப் பொட்டலமாகப் போட்டு, சிறிய ஈரப்பத அளவியும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினாலும், ஆரஞ்சு மணிகள் பச்சையானாலும் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள்; பொட்டலத்தில் எழுதியுள்ளபடி சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் கேமராவைப் பையைவிட்டு உடனே எடுக்காதீர்கள். கண்ணாடியில் ஆவி படியும். பையிலேயே கால் மணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். எல்லாவற்றையும்விட, லென்ஸை வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.